கோதண்டனுக்கு மூணாவது ஃபைட்

இது என் ரத்தம் இல்ல சார். பயப்படாம உக்காருங்க. நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியில முதுக வெச்சு உக்காந்துட்டீங்க பாருங்க, இந்தாண்ட வாங்க. சட்டையில பட்டதெல்லாம் காஞ்சு போச்சு, உங்க மேல ஒட்டாது. ஒசூர்ல ஏறும்போதே கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தான். குடிச்சிட்டு எவன் கிட்டயோ வாங்கிகினு வர்றேன்னு நெனச்சிருப்பான். நான் குடிக்கிற ஆளு இல்ல. முப்பத்தோரு வருஷம் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவன். ஆம்பூர்ல எறங்கி ஜெயசீலன் மாஸ்டர் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஆட்டோக்காரனே சொல்வான்.

நீங்க வேலூரா? சரி. எனக்கு ஆம்பூர். இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்க ஒண்ணும் கேக்கல, ஆனா சட்டையவே பாத்துகினு இருக்கீங்க, அதனால சொல்லிடறேன். ரத்தம் கோதண்டனோடது. மூக்கு ரத்தம். பாக்ஸிங்ல மூக்குல ரத்தம் வர்றது சளி புடிக்கிற மாதிரிதான், அதுக்கெல்லாம் யாரும் அழ மாட்டாங்க.

ஆமா, பாக்ஸிங்தான். இன்னிக்கு மத்தியானம் ஒசூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துச்சு. மணவறை போடற மேடையக் கழட்டிட்டு அந்த எடத்துல ரிங் கட்டியிருந்தாங்க. புரொஃபஷனல் பாக்ஸிங். தலைக்கு ஹெட்கார்டு கெடையாது, பனியன் கெடையாது, கிளவுஸும் சின்னது. அடி நேரா எலும்புல எறங்கும். அதுல போய் நம்மாளு ஆடறான். வயசு இன்னா தெரியுமா? முப்பத்தொம்போது. அவன் வயசுல அவனவன் காலையில எழுந்து சுகர் டெஸ்ட்டு எடுக்கப் போறான். இவன் புரொஃபஷனல் ஆயிருக்கான். போன வருஷம்தான் ஆனான். அதுவும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

அந்த எரிச்சல் எனக்கு இருக்கத்தான் செய்யுது. நான் மறைக்கல. பதினாறு வயசுல ஒல்லியா, காது மட்டும் பெருசா என் கிளப்புக்கு வந்து நின்னான். அந்த நாள்லேர்ந்து நான் பாத்து வளத்தவன்.

கிளப்புன்னா பெருசா நெனச்சிக்காதீங்க. ஸ்கூல் கிரவுண்டுக்குப் பின்னால தோல் மண்டி ஒண்ணு இருந்துச்சு, காலியா. உப்பு நாத்தம் கடைசி வரைக்கும் போகல. அங்கதான் கயிறு கட்டி ரிங் போட்டிருந்தேன். சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஏழரை வரைக்கும். அந்த நாத்தத்துலேர்ந்து பதினாலு பேர ஸ்டேட்டுக்கு அனுப்பியிருக்கேன் சார். பதினாலு பேரு. அதுல நாலு பேரு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வாங்கி இன்னிக்கு சொந்த வீட்டுல இருக்கான். எந்த ஊர்ல எந்த மாஸ்டர் பண்ணியிருக்கான், சொல்லச் சொல்லுங்க.

இதுல கோதண்டன் எங்க வர்றான்னா, அவன் இடதுகை. பாக்ஸிங்ல இடதுகைக்காரன்னா எல்லாருக்கும் ஒரு பயம். அடி வரவேண்டிய பக்கத்துலேர்ந்து வராது, எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும். கால் வெக்கிற எடமே மாறிடும். அதனால இன்னா ஆகும், கிளப்புல ஒரு நல்ல இடதுகைக்காரன் இருந்தான்னா மத்த எல்லாப் பசங்களுக்கும் அவன்தான் பாடம். அவன் கூட ஆறு மாசம் ஸ்பாரிங் பண்ணிட்டுப் போனா எவனையும் சமாளிக்கலாம். எனக்குக் கெடச்ச இடதுகை கோதண்டன். கடவுள் குடுத்தாருன்னுதான் சொல்லுவேன். அந்தப் பதினாலு பேருமே அவன் மேல அடிச்சுப் பழகினவன்தான். ஊருக்குள்ள இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் அத எப்பவும் மறந்ததில்ல.

அவனப் போட்டிக்கு அனுப்பினீங்களான்னுதானே கேக்கப் போறீங்க. அனுப்பினேன் சார். ரெண்டு தடவை மாவட்டத்துக்கு அனுப்பினேன். அப்பால, டீமுக்கு எடுத்தா கேம்ப்புக்கு ஒரு மாசம் போயிடுவான். அந்த ஒரு மாசம் இங்க மத்தவங்க யார் கூட ஆடறது? ஒருத்தன் போறதா, அஞ்சு பேரு போறதா? மாஸ்டர்னு உக்காந்தா அதெல்லாம் யோசிக்கணும். அவனும் ஒரு நாள் கூட ஏன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஸ்பாரிங்னா சண்டை இல்ல, அத முதல்ல புரிஞ்சிக்கணும். பழக்கம். அடுத்த வாரம் போட்டிக்குப் போற பையன் மூக்க இங்கயே ஒடைச்சிட்டா இன்னா பிரயோஜனம்? அதுக்கு நான் ஒரு சட்டம் வெச்சிருந்தேன். எதிராளி கண்ணு ஒரு மாதிரி சொருகும் சார், முட்டி தளரும். அத நான் பாத்துடுவேன். பாத்த ஒடனே ‘போதும்’னு ஒரு கொரல். அவ்ளோதான். கை கீழ எறங்கணும். ரெண்டு ஸ்டெப்பு பின்னால போயி அப்படியே நிக்கணும். அவன் மூச்சு வாங்கி, கண்ணு தெளிஞ்ச அப்பால நான் ‘ம், பண்ணு’ன்னு சொல்லுவேன். அப்பதான் மறுபடியும் ஆரம்பிக்கணும். கேக்காம ஒரு குத்து கூட விட்டான்னா கிரவுண்ட சுத்தி இருவது ரவுண்டு. சில பயலுங்க வேணும்னே காதுல விழாத மாதிரி இன்னொரு குத்து விடுவானுங்க. கோதண்டன் அப்படி இல்ல. ஓங்கின கை பாதியில நிக்கும். ஒரு தடவை, ஒரு தடவை கூட அவன் அந்த இருவது ரவுண்டு ஓடினதில்ல. வெளியூர் மாஸ்டருங்க வந்தா நான் அதக் காட்டுவேன். கொரல் குடுப்பேன், இவன் நிப்பான். எல்லாரும் அசந்து போவாங்க.

சூளகிரி தாண்டிடுச்சா? கவனிக்கல.

சரி. அஞ்சு வருஷம் முன்னாடி மண்டிய வித்துட்டாங்க, கிளப்பு மூடிட்டேன். எனக்கும் முட்டி போச்சு. கோதண்டன் ஷூ கம்பெனியில தோல் கட்டிங்ல இருக்கான். கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு பொண்ணு ஏழாவது படிக்குது. முடிஞ்சிதுன்னு நெனச்சேன். போன வருஷம் யாரோ செல்லுல போட்டோ காட்டறாங்க, மாஸ்டர் இது நம்ம கோதண்டன்தானேன்னு. பெங்களூருல எங்கயோ ரிங்ல நிக்கிறான், மீசையில பாதி நரை. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஃபைட்டு தோத்துட்டான். பாயின்ட்ஸ்ல, யாரும் படுக்காம ஜட்ஜுங்க போடற மார்க்குல. அப்பால இன்னொண்ணு. அதுவும் பாயின்ட்ஸ்ல தோல்வி. எனக்கு ஆச்சரியமே இல்ல. பாடம் கேக்காமப் போனா அப்படித்தான் ஆகும்.

மூணு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழமை, நான் சர்ச்சுலேர்ந்து வந்து சட்டை கூடக் கழட்டல, வாசல்ல நிக்கிறான். கூட அவன் வீட்டுக்காரி கலைவாணி. கையில ஆப்பிள், பிஸ்கட்டு பாக்கெட்டு. உக்காருன்னேன், நின்னுகினே பேசினான். மாஸ்டர், ஒசூர்ல மூணாவது ஃபைட் வருது, நீங்க என் கார்னர்ல இருக்கணும்னான். ரவுண்டுக்கு நடுவுல மூலையில உக்கார வெச்சு, தொடச்சு விட்டு, யோசனை சொல்ற ஆளு. ஃபைட் ஏற்பாடு பண்றவரு அங்க ஜிம் வெச்சிருக்காராம். அவரு கையில வளர்ற பையன் ஒருத்தன், யஷ்வந்த்துனு பேரு, இருவத்திமூணு வயசு. அஞ்சு ஃபைட்டு ஆடி அஞ்சும் ஜெயிச்சிருக்கான். அவனுக்கு எதிர்ல நிக்க ஒரு இடதுகை வேணும்னு கூப்டிருக்காரு. எனக்கு ஒடனே புரிஞ்சிடுச்சு. அந்தப் பையன் இடதுகைய ஜெயிச்சான்னு பேரு வாங்கறதுக்கு ஒரு ஆளு. இவன் அதப் புரிஞ்சுதான் போறானான்னு கேட்டேன். தெரியும் மாஸ்டர்னான்.

இதுக்கு மேல ஃபைட் கெடைக்காதுன்னு கலைவாணிதான் சொல்லிச்சு. நாப்பது ஆச்சுன்னா எடுக்க மாட்டேன்னு அந்த ஜிம்காரரு சொல்லிட்டாராம். இதுவும் தோத்தா மூணு ஃபைட்டு, மூணு தோல்வின்னு அவன் பேருக்கு நேரா நிக்கும், அதோட முடிஞ்சிது. ஒரே ஒரு ஜெயிப்பு வேணும் மாஸ்டர், இருவத்திமூணு வருஷமா ஒண்ணு கூட இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப அவன் தரையப் பாத்துகினு நின்னான். எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆயிரம் இருந்தாலும் நம்ம பையன். வர்றேன்னு சொல்லிட்டேன். கடைசியில மூளைக்கு மாஸ்டர்தான் வேணும்னு வந்தானே, அந்த சந்தோஷமும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கெளம்பறப்ப செருப்பு போட்டுகினே திரும்பினான். “மாஸ்டர், இன்னா வேணா சொல்லுங்க, திட்டுங்க. ‘போதும்’னு மட்டும் சொல்லிடாதீங்க”ன்னான்.

நான் சிரிச்சிட்டேன். டேய், அது ஸ்பாரிங், இது ஃபைட், எனக்குத் தெரியாதாடான்னேன். அவன் சிரிக்கல.

அந்த மூணு வாரமும் நான் சும்மா இல்ல சார். தெனம் சாயங்காலம் அவன் கம்பெனி விட்டு வர்ற வரைக்கும் பைபாஸ் ஓரத்துல காத்திருந்து, கூட சைக்கிள்ல போயி ஓட வெச்சேன். இந்த முட்டிய வெச்சிகினு. அந்தப் பையனோட பழைய ஃபைட்டு அஞ்சையும் செல்லுல போட்டுப் பாத்தேன். வலது கைய வீசறப்ப அவன் தாடை தொறந்துடுது. அது யாரு கண்ணுலயும் படல, என் கண்ணுலதான் பட்டுச்சு. கோதண்டா, அவன் வலது கைய வீசட்டும், நீ உள்ள பூந்து லெஃப்ட்டு, வேற எதுவுமே வேணாம்னேன். இது என்னோட பிளான். இத யாரும் மறுக்க முடியாது.

இன்னிக்கு மண்டபத்துல ஐநூறு பேரு இருந்திருப்பாங்க. எல்லாம் அந்தப் பையனோட ஆளுங்க. எங்களுக்கு டிரெஸ்ஸிங் ரூமுன்னு குடுத்தது பொண்ணு வீட்டாருக்குக் குடுக்கற ரூமு. கண்ணாடியில பழைய ஸ்டிக்கர் பொட்டா ஒட்டியிருக்கு. அதுக்கு எதிர்ல உக்காந்து இவன் கையில டேப்பு சுத்தறான். கை நடுங்குது. இத்தனை வருஷத்துல அவன் கை நடுங்கி நான் பாத்ததில்ல. ஸ்பாரிங்ல எதுக்கு நடுங்கணும், ஜெயிக்கவா போறான்? இன்னிக்கு நடுங்கிச்சு.

முதல் ரவுண்டு அவன் கையில இல்ல. அந்தப் பையன் சும்மா பறக்கறான். ரெண்டாவது ரவுண்டுல அடி வாங்கி மூக்கு ஒடைஞ்சிது, அதான் இந்த ரத்தம், கார்னர்ல நான் தொடச்சப்ப பட்டது. கம்பெனி ஃப்ரெண்டு அன்வர்னு ஒருத்தன் தண்ணி பாட்டிலுக்காக வந்திருந்தான், அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் மட்டும் அசரல. மொத்தமே நாலு ரவுண்டு, ரெண்டு போச்சு, அது கெடக்கட்டும், அவன் வலது கைய வீசற வரைக்கும் பொறுன்னு காதுல சொன்னேன். தலையாட்டினான்.

மூணாவது ரவுண்டு. பாதி ஆயிருக்கும். அந்தப் பையனுக்கு தைரியம் வந்து வலது கைய வீசினான் பாருங்க. நான் சொன்ன அதே எடம், அதே லெஃப்ட்டு. சத்தம் எப்படின்னா, மண்டபமே ஒரு நிமிஷம் அடங்கிடுச்சு. பையன் கயித்துல போயி சாஞ்சான். கண்ணு சொருகுது. முட்டி ரெண்டும் உள்ள மடங்குது. கை எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியல. இன்னும் ஒண்ணு. ஒரே ஒண்ணு போதும், முடிஞ்சிருக்கும்.

சொல்லிட்டேன் சார்.

நான் சொல்லணும்னு சொல்லல. என் வாயி சொல்லிச்சு. முப்பது வருஷம் அந்தக் கண்ணப் பாத்தா அந்த வார்த்தை வந்த வாயி. நீங்க பஸ்ஸுல தூங்கி விழறப்ப முன்கம்பியப் புடிக்கிறீங்களே, யோசிச்சா புடிக்கிறீங்க? அப்படித்தான். ‘போதும்’னு கத்தியிருக்கேன், எனக்கே கொஞ்ச நேரம் கழிச்சுதான் காதுல விழுந்துச்சு.

ஓங்கின கை அப்படியே நின்னுது. கை கீழ எறங்குது. ஒரு ஸ்டெப்பு பின்னால, ரெண்டு ஸ்டெப்பு பின்னால. நிக்கிறான். மண்டபத்துல எவனுக்கும் ஒண்ணும் புரியல. ரெஃப்ரி கூட இவனப் பாக்கறாரு, இன்னாயா ஆச்சுன்னு. எதிராளி கயித்தப் புடிச்சி நிமிர்ந்து, தலைய ஒரு ஒதறு ஒதறி, பாத்தா எதிர்ல ஒருத்தன் கைய தொங்கப் போட்டுகினு நிக்கிறான். விடுவானா? ஓடி வந்து விட்டான் ஒரு குத்து. கோதண்டன் கீழ விழுந்துட்டான்.

ரெஃப்ரி எட்டு எண்ணறதுக்குள்ள எழுந்தான். அந்த மட்டும் எழுந்தானே. பெல்லு வரைக்கும் எப்படியோ தாங்கினான்.

கார்னர்ல ஸ்டூலப் போட்டேன். வந்து உக்காந்தான். நான் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைக்கப் போறேன், கிளவுஸ் போட்ட கையால என் கைய நகத்தினான். திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சாதாரணமா, டீ குடிச்சியான்னு கேக்கற மாதிரி சொன்னான்.

“மாஸ்டர், எறங்கிப் போயிடுங்க. எட்வின் அன்னிக்கும் இப்படித்தான்.”

எறங்கிட்டேன். இன்னா பண்றது.

எட்வின் யாருன்னு கேக்கறீங்களா? எங்க அக்கா பையன். அத நான் சொல்லாம விடணும்னு விடல, பேச்சுல வரல, அவ்ளோதான். பதினெட்டு வருஷம் ஆயிடுச்சு. ஸ்டேட் டீமுக்கு அவங்க வெயிட்டுல ஒரே ஒரு எடம், எங்க கிளப்புல ரெண்டு பேரு, எட்வினும் கோதண்டனும். டீமுக்கு ஆள் எடுக்கற ஃபைட்டு, செலக்‌ஷன் பவுட்டு, எங்க மண்டியிலயே நடந்துச்சு. ஜெயிக்கிறவன் போவான். ரெண்டு பேருமே என் பசங்க, நான் யாரு பக்கமும் இல்லாம ஓரமா நின்னேன், சத்தியமா. ரெண்டாவது ரவுண்டுல கோதண்டன் லெஃப்ட்டுல எட்வினுக்கு கண்ணு சொருகிச்சு. நானு, அது ஸ்பாரிங் இல்ல செலக்‌ஷன்னு ஒரு நிமிஷம் மறந்துட்டேன். அதே எடம், அதே ரிங்கு, அதே ரெண்டு பசங்க, தெனம் பாக்கறது. யாரா இருந்தாலும் மறப்பான். சொன்னேன், இவன் நின்னான், எட்வின் சுதாரிச்சிகினு பாயின்ட்ஸ்ல ஜெயிச்சான். டீமுக்குப் போனான், வேலை கெடச்சிது. எங்க அக்காவுக்கு வீட்டுக்காரரு இல்ல சார். அந்த வேலையாலதான் அந்தக் குடும்பம் நிமிர்ந்துச்சு. அதுக்காக நான் சொன்னேன்னு நெனச்சீங்கன்னா அது தப்பு. மறந்துட்டுதான் சொன்னேன்.

கோதண்டன் அடுத்த நாளே அஞ்சரைக்கு கிளப்புக்கு வந்துட்டான். எதுவும் கேக்கல. எட்வின ஸ்டேட்டுக்குத் தயார் பண்ண அவன் கூடயே மூணு வாரம் ஆடினான். மனசுல வெச்சிருந்தா வருவானா? அதனால அவன் மறந்துட்டான்னு நெனச்சேன்.

இன்னிக்கு ஐநூறு பேரு எதிர்ல எறக்கி விட்டுட்டான். துண்டு மட்டும் என் கையிலயே வந்துடுச்சு. நடந்து போயி பின்னால சாப்பாட்டு ஹால் கதவுகிட்ட நின்னேன். உள்ள நாளைக்கு ஏதோ கல்யாணமாம், சமையக்காரங்க உக்காந்து பூசணிக்கா வெட்டிகினு இருந்தாங்க. ஒரு அம்மா என் சட்டையப் பாத்துட்டு தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. வேணாம்னு கைய ஆட்டினேன். கதவு பாதி தொறந்திருந்துச்சு, அங்கேர்ந்து ரிங்கு நேரா தெரியும். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா கடைசி ரவுண்டு இன்னா ஆவுதுன்னு பாக்காம எப்படி சார் போறது?

கலைவாணி முன்வரிசையில எழுந்து நின்னுகினு இருக்கு. கையில அவங்க பொண்ணோட ஸ்கூல் பேக்கு மாதிரி ஒண்ண இறுக்கிப் புடிச்சிகினு. பாயின்ட்ஸ்ல தோத்தாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவனப் படுக்க வெச்சாதான் உண்டு. மூணு நிமிஷம்.

முதல் நிமிஷம் ஒண்ணும் நடக்கல. பையன் ஜாக்கிரதையா தூரத்துலயே சுத்தறான். ரெண்டாவது நிமிஷத்துல கோதண்டன் அவன மூலைக்குத் தள்ளிகினே போறான். வயித்துல ஒண்ணு, வயித்துல இன்னொண்ணு. வயித்துல வாங்கினதுல அந்தப் பையனுக்குக் கோவம் வந்து, வலது கைய வீசிட்டான். நான் சொன்ன பிளான் சார். லெஃப்ட்டு போச்சு. முதல்ல விழுந்தத விடப் பெருசு. பையன் மூலையில கயித்து மேல ரெண்டு கையும் தொங்கப் போட்டுகினு நிக்கிறான், நிக்கறதே கயித்தாலதான். கண்ணு சொருகிடுச்சு.

எனக்குத் தெரியும், வாயி தொறக்கப் போவுதுன்னு. அந்தத் துண்ட எடுத்து வாய்க்குள்ள திணிச்சிகினேன். பாதித் துண்டு உள்ள போச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சிகினேன். ரத்த வாடை, வேர்வை வாடை, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பல்லக் கடிச்சிகினு நிக்கிறேன். பூசணிக்கா வெட்டற அம்மா எழுந்தே வந்துடுச்சு, எனக்கு ஃபிட்ஸ்னு நெனச்சிகினு. நான் சொல்லல சார். இந்தத் தடவை என் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரல. அந்த அம்மா சாட்சி.

அவன் நின்னுட்டான்.

யாரும் ஒண்ணும் சொல்லல. ஓங்கின கை பாதியில நிக்குது. கை எறங்கிச்சு. ரெண்டு ஸ்டெப்பு பின்னால போனான். போயி கார்னரப் பாத்தான், அங்க அன்வர்தான் இருக்கான், அடி அடின்னு கத்தறான் அவன். இவன் காதுல அது விழுந்த மாதிரியே தெரியல. கார்னர விட்டுட்டு ஹால் பூரா தேடறான். தேடி, கதவுகிட்ட என்னைப் பாத்துட்டான். கலைவாணி அவன் பேரச் சொல்லி கத்துது. மண்டபமே கத்துது. அவன் என்னையே பாத்துகினு நிக்கிறான், வாயில துண்டோட நான் அவனப் பாத்துகினு நிக்கிறேன். எவ்ளோ நேரம் இருக்கும்? அஞ்சு செகண்டு இருக்குமா? அஞ்சு கூட இருக்காது. அதுக்குள்ள பையனுக்கு கண்ணு தெளிஞ்சிடுச்சு. வந்து கட்டிப் புடிச்சிகினான், பெல்லு அடிக்கிற வரைக்கும் விடல.

மூணு ஜட்ஜும் அந்தப் பையனுக்கே குடுத்துட்டாங்க. குடுக்காம இன்னா பண்ணுவாங்க.

நான் ரூமுக்குப் போனேன். போகாம வந்திருக்கலாம், ஆனா மனசு கேக்கல. அந்தக் கண்ணாடிக்கு எதிர்ல உக்காந்திருக்கான். கலைவாணி குனிஞ்சு கையில டேப்பு கத்திரிக்கோலால வெட்டிகினு இருக்கு, என்னைத் திரும்பிப் பாக்கல. கோதண்டா, நான் சொல்லலடா, சத்தியமா இந்த வாட்டி நான் சொல்லலன்னேன். எனக்கு அழுகை வந்துடுச்சு சார். அறுபத்தாறு வயசாவுது.

“தெரியும் மாஸ்டர். நீங்க சொல்லல”ன்னான். கண்ணாடியப் பாத்துகினேதான் பேசினான். “‘ம், பண்ணு’ன்னு சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்.”

வாயத் தொறக்காதன்னு சொன்னவன் அவன். எறங்கிப் போன்னு சொன்னவன் அவன். போயிட்டேன். துண்ட அடைச்சிகினு நின்னேன். அப்பால நான் சொல்லுவேன்னு அவன் நிப்பானாம். துண்ட எடுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை, ஐநூறு பேரு கத்தறதுல அது அவன் காதுல விழுந்திருக்குமான்னு யாருக்குத் தெரியும். விழுந்திருக்கும். அவனுக்கு விழும். சாயங்காலம் பூரா ஷூ கம்பெனி சங்கு ஊதும், லாரி போவும், அதுல கூட என் கொரல் அவனுக்கு விழுந்திருக்கு. ஆனா எனக்கு அந்த நேரத்துல தோணலையே. சொல்லாம இருக்கணும்னு மட்டும்தான் தோணிச்சு. நல்லது பண்றேன்னு நெனச்சுதானே நின்னேன்.

வேன்ல வாங்க மாஸ்டர்னு அன்வர்தான் கூப்டான். அவங்க ரெண்டு பேரும் கூப்பிடல. அதான் பஸ்ஸுல ஏறிட்டேன்.

ஒசூர்லேர்ந்து இதையே பேசி உங்களுக்குத் தலைவலி குடுத்துட்டேன். பர்கூர் வருதுன்னு நெனக்கிறேன். நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், என் மேல எங்க தப்புன்னு. சொன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்புன்னா ஒரு மனுஷன் இன்னாதான் பண்ணுவான்? நீங்களும் ஏறினதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல.

ஏதாவது சொல்லுங்க சார்.